வாச ரூம்

ஜூலை 14, திங்கள்

நான்கு மூட்டைகள் வந்து இறங்கின. மூட்டைக்கு அறுபது கிலோ. எத்தியோப்பியா, குஜி மலை. ஒரே சரிவு, ஒரே குடும்பம். பழத்தைத் தோலோடு வெயிலில் உலர்த்தி, பிறகு கொட்டையை எடுத்தது. சணலுக்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறை. அதைப் பிரித்ததும் காய்ந்த பேரீச்சை, ஈர மரம், கொஞ்சம் புளித்த கள் வாசம்.

மோகன் அண்ணா மூட்டையைத் தட்டினார். ரோஸ்டரி அவருடையது.

"இது முழுக்க உன்னோடது மேகலா. நீயே வறு, நீயே டேஸ்ட் பாரு. பாக்கெட்ல அந்தம்மா பேரும் உன் பேரும் போட்டர்லாம்."

அந்தம்மா, ததெலெச். விளைவித்தவர். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். என் பெயர் எதிலாவது அச்சாவது இதுவே முதல் முறை.

இன்னொன்று. ஏழு வாரம். என் கணவன் நந்தாவுக்கு மட்டும் தெரியும். அவன் பெங்களூரில். வார இறுதியில் வருவான்.

இங்கே சொல்லவில்லை. எனக்கு முன் இந்த மேசையில் இருந்த பெண் சொன்னாள். மறுநாளே கடை கவுன்டருக்கு மாற்றப்பட்டாள். "மாசமா இருந்தா மூக்கு மாறிரும். அந்த நாக்க நம்பி நூறு கிலோ வறுக்க முடியாது." மோகன் அண்ணா இதைக் கோபமாகச் சொல்வதில்லை. அறிவியலாகச் சொல்வார். அதனால் வாதாட இடமில்லை.

என் மூக்கு மாறித்தான் இருக்கிறது. கூர்மையாகியிருக்கிறது. இன்று பஸ்ஸில் மூன்று இருக்கை தள்ளி யாரோ பையில் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்திருந்தார்கள்.

நான்கு மூட்டையும் முடியட்டும். ஐந்து வாரம்.


ஜூலை 15, செவ்வாய்

இடத்தை எழுதி வைக்கிறேன். சிங்காநல்லூர். மூடிப்போன நூல் மில்லின் குடோன். முன்கூடத்தில் வறுக்கும் இயந்திரம். அதன் புகைக்குழாய் கூரையைத் தாண்டி வெளியே போகிறது. பின்னால் பத்துக்குப் பதினான்கடியில் ஓர் அறை. வறுத்த கொட்டை சில நாள் சும்மா கிடக்க வேண்டும். உள்ளே அடைபட்ட வாயு மெல்ல வெளியேறும். அதன் பிறகுதான் ருசி. அதற்கான அறை அது.

மோகன் அண்ணா முதலில் 'ரெஸ்ட் ரூம்' என்று போர்டு மாட்டினார். இரண்டு கூரியர்காரர்கள் அவசரமாக உள்ளே போய்க் குழப்பத்தோடு வெளியே வந்தார்கள். போர்டைக் கழற்றியாயிற்று. இப்போது அது 'வாச ரூம்'.

ருசி பார்க்கும் மேசை அங்கேதான். பாக்கிங் மேசையும். பாக்கிங் ரங்கநாயகி அக்கா. பன்னிரண்டு வருடமாகக் காபித்தூள் கட்டுகிறார். குடிப்பது டீ.

"காபி ஆகாதுங்களா அக்கா?"

"மோந்தே பாதி வவுறு நெறஞ்சு போகுது கண்ணு. இதுல குடிக்க வேற வேணுமாக்கு."

குஜி கொட்டையை ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். மோந்தார். "நாவப்பழம். கீழ உழுந்து ரெண்டு நாளானது."

என் நோட்டில் நான் எழுதியிருந்தது: 'கரும்பழ வகை, மிதமான நொதிப்பு'. அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதினேன். இந்த நாட்குறிப்பும் அதே நோட்டின் பின்பக்கம்தான்.


ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று கிளம்பிவிட்டது. கூரைத் தகடு நாள் முழுக்க அடித்துக்கொள்கிறது. உத்தரங்களில் எத்தனையோ வருடப் பஞ்சுத்தூசி. அது வறுத்த கொட்டைமேல் இறங்குகிறது.

மோகன் அண்ணா வாச ரூமின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார். "தூசி உள்ள வருது, வாசம் வெளிய போகுது. ரெண்டும் ஒரே ஓட்டைலதான்."

மதியத்துக்குள் ஆட்கள் வந்தார்கள். இரண்டு சன்னலும் ஆணி அடித்து, பஞ்சு வைத்து, டேப் ஒட்டியாயிற்று. காற்றுப்போக்கிக்கு பிளைவுட். கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை. ஏசி. மாலையில் கதவைச் சாத்தினால் ஆடிக் காற்றின் சத்தமே இல்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி.

கதவில் அவர் கையெழுத்தில் ஒரு தாள்: 'கதவை மூடவும். வாசம் போகும்.'

"இனி எறும்புகூட மோப்பம் புடிக்காது," என்றார்.

"மனுசருக்கு மூச்சு வருமுங்களா?" என்று அக்கா கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.


ஜூலை 18, வெள்ளி

முதல் வறுவல். பன்னிரண்டு கிலோ. ஒன்பதாவது நிமிடம் கொட்டையின் முதல் வெடிப்பு. மெல்லிய சத்தம், உலர்ந்த குச்சி ஒடிவது. ஐம்பது நொடி கழித்து இறக்கினேன். நன்றாக வந்திருக்கிறது. அதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஹிருத்துக்குப் படம் அனுப்பினேன். ததெலெச்சின் மகள். அங்கே பழங்களைத் தரம் பிரிக்கும் இடத்தில் ருசி பார்ப்பவள். என் வயதுதான். இருவரும் ஆங்கிலத்தில் பேசுவோம். இருவருக்கும் அது கடன் வாங்கிய சட்டை.

அவள் அனுப்பிய குரல்பதிவு: "இருபத்தொரு நாள் பந்தலில் காய்ந்தது. அரை மணிக்கு ஒருமுறை கையால் புரட்ட வேண்டும். அம்மா யாரையும் நம்ப மாட்டாள். பழத்துக்கு மூச்சு வேண்டும், மூடிக் குவித்தால் அன்றே செத்துவிடும் என்று திட்டிக்கொண்டே இருப்பாள்."

பின்னால் ஒரு சேவல்.


ஜூலை 20, ஞாயிறு

நந்தா வந்திருக்கிறான். தலைவலி இல்லை. (வியாழன் தொடங்கி இருந்தது. எழுத மறந்தேன்.) தனிமைதான் காரணம் போல.


ஜூலை 23, புதன்

தலைவலி. இரண்டு பொட்டிலும். பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, ஐந்து மணிக்கு உச்சம். குமட்டல். எட்டாவது வாரத்தில் எல்லாருக்கும் இருப்பது என்று புத்தகம் சொல்கிறது.

ஆனால் காலையில் இல்லையே என்று நந்தா போனில் கேட்டான். "காலைலதான வாந்தி வரும்னு சொல்வாங்க?"

"எனக்கு ஆபீஸ் டைம் போல," என்றேன்.


ஜூலை 25, வெள்ளி

மோகன் அண்ணா ஒரு புதுப் பழக்கம் கொண்டு வந்திருக்கிறார். டப்பாக்களின் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். காலையில் கதவைத் திறக்கும்போது வாசம் முகத்தில் அறைய வேண்டும். வரும் வாடிக்கையாளரை நேராக அங்கே அழைத்துப்போய், கதவைச் சாத்தி, கண்ணை மூடச் சொல்கிறார்.

இன்று ஒருவர் வெளியே வந்து வாசலில் நின்றபடி, "லேசா கெறக்கமா இருக்குங்க," என்றார்.

"அதான் சார் நல்ல காபி!" என்றார் மோகன் அண்ணா.


ஜூலை 29, செவ்வாய்

அக்கா பாக்கிங் நடுவே எழுந்துபோய்க் கொல்லைப்புறம் வாந்தி எடுத்தார். கால் நடுங்கியது. மில் ரோட்டில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். விரலில் கிளிப் மாட்டினார்கள். 99. "ஆக்சிஜன்லாம் பிரமாதமா இருக்கு. காலைல சாப்பிட்டீங்களாம்மா?"

திரும்பும் வழியில் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"இது டாக்டருகிட்ட தீர்றதில்ல கண்ணு. அந்த ரூமுல மில்லு ஓடறப்ப ஒரு ஆளு செத்துப்போனானாமா. சன்னல அடச்சதுல அது வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்துது. எனக்குக் காத்து அடிச்சிருக்குது."

உள்ளுக்குள் சிரித்தேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ படிச்சவ, சிரிப்ப. உனக்கும் மொகமெல்லாம் செவந்து கெடக்குது பாரு."

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு மொழி, பேயையும் வீசும் காற்றையும் ஏன் ஒரே சொல்லால் அழைக்கிறது? கண்ணுக்குத் தெரியாமல் மனிதருக்குள் புகும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் போதும் என்று நினைத்த காலத்தின் எச்சம், என்று முடித்திருந்தேன். நல்ல மதிப்பெண்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்கா இரண்டு நாள் வரவில்லை. இன்று வந்தார். கையில் மந்திரித்த கயிறு. முகம் தெளிவாக இருந்தது. "கட்டுனதும் நின்னு போச்சுங் கண்ணு. நேத்தெல்லாம் ரெண்டு கொடம் தண்ணி எடுத்தேன்."

மூன்று மணிக்கு மேசைமேல் தலை சாய்த்துக் கிடந்தார். கயிறு பலமில்லை, வேறு ஆளிடம் போக வேண்டும் என்கிறார்.

குஜி, பன்னிரண்டாவது வறுவல். கிண்ணங்களில் தூள் போட்டு வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே மிதந்த தூளை உடைத்து, கரண்டியால் உறிஞ்சி. நாவல் இருக்கிறது. தேன் இருக்கிறது. விழுங்கிய பிறகு நாக்கில் தங்குவது, அதன் வால். வால்பகுதியில் ஒரு வார்த்தை வர மறுக்கிறது.

வால்பகுதியில் ஒரு வார்த்தை வர மறுக்கிறது.

ஹிருத்திடம் கேட்க வேண்டும்.

வால்பகுதியில் ஒரு வார்த்தை வர மறுக்கிறது.


ஆகஸ்ட் 2, சனி

நேற்றைய பக்கத்தைப் பார்த்தேன். ஒரே வரி மூன்று முறை. எழுதிய நினைவில்லை. உத்தியாகத்தான் எழுதியிருப்பேன் என்று முதலில் நினைத்தேன். என்னை எனக்குத் தெரியும்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நந்தாவோடு பேரூர் படித்துறை. நொய்யலில் தண்ணீர் இருந்தது. சித்திரான்னம் மூன்று வகை. மூன்றையும் சாப்பிட்டேன். ஒரு தலைவலியும் இல்லை.

"சொல்லிட வேண்டியதுதான? என்ன பண்ணிருவாங்க, கவுன்டர்ல உக்கார வெப்பாங்க. உக்காரு," என்றான்.

"உனக்குப் பதவி உயர்வு வரப்போ உன்னையும் கவுன்டர்ல உக்கார வெக்கட்டும்."

"எனக்கென்னமோ சரியாப் படல மேகலா."

"இன்னும் ஒன்றரை மூட்டைதான் இருக்கு."


ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஸ்கேன். பத்து வாரம். ஒரு பேரீச்சம்பழ அளவு. நடுவில் ஏதோ மினுக்கியது. அதுதான் துடிப்பு என்றார் மருத்துவர். நான் அழவில்லை. நந்தா, மதிய ரயிலைப் பிடிக்க வேண்டியவன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

மருத்துவர் வழக்கமான கேள்விகள் கேட்டார். தலைவலியைச் சொன்னேன்.

"வேலை செய்ற எடத்துல புகை இருக்கா?"

"இல்ல மேடம். குழாய் வெளிய போகுது."

"வேற ஏதாவது கேஸ், கெமிக்கல்?"

"இருந்தா எங்களுக்குத்தான் முதல்ல தெரியும். மோந்து பாக்கறதுதான் எங்க தொழிலே."

அவரும் சிரித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓணத்துக்குப் பாலக்காட்டு ஆர்டர். எங்கள் சாதாரண ஃபில்டர் தூள், நன்றாகக் கறுக்க வறுத்து அரைத்தது, முந்நூறு கிலோ. முன்கூடத்தில் இடமில்லை. எல்லாம் வாச ரூமுக்குள் வந்துவிட்டது. வாய் கட்டாத சாக்குகள், சுவர் நெடுக. சூடு ஆறட்டும் என்று.

குஜி பாவம், அந்தக் கறுப்பு வாசத்தில் மூழ்கிக் கிடக்கிறது. மோகன் அண்ணாவிடம் சொன்னேன்.

"ரெண்டு வாரம் பொறுத்துக்க மா. ரெண்டும் நம்ம புள்ளைகதான்."

அந்தச் சொல்லுக்கு ஏன் திடுக்கிட்டேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.


ஆகஸ்ட் 9, சனி

படி ஏறும்போது இதயம் காதில் கேட்கிறது. கிண்ணம் ஒன்றை உடைத்தேன். இரண்டு.


ஆகஸ்ட் 11, திங்கள்

ஹிருத் வீடியோவில் வந்தாள். பக்கத்தில் ததெலெச். மெலிந்த முகம், தலையில் வெள்ளைத் துணி. தன் காபி எங்கே படுத்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டாராம். போனைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினேன். டப்பாக்கள், சாக்குகள். பெருமையாக, டேப் ஒட்டிய சன்னல்கள். பாக்கிங் மேசையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"அந்தம்மாகிட்டக் கேளு கண்ணு, அவங்க ஊட்லயாச்சும் காபி குடிக்கறாங்களான்னு."

ஹிருத் மொழிபெயர்த்தாள். ததெலெச் சிரிக்கவில்லை. திரையை நோக்கி விரலை நீட்டி என்னவோ கேட்டார். மறுபடியும், சத்தமாக. ஹிருத் சங்கடமாகப் பேச்சை மாற்றினாள்.

மாலையில் குரல்பதிவு வந்தது. "அம்மா கேட்டது இதுதான்: அந்த அறையில் கதவு எங்கே திறந்திருக்கிறது? இங்கே குளிர் மாதங்களில் சிலர் கரி அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். பிழைத்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு, கரி அடித்துவிட்டது என்பார்கள். உங்கள் இருவர் முகமும் அப்படி இருக்கிறதாம்."

இங்கே கரி இல்லை, இயந்திரம் வேறு அறையில், புகைக்குழாய் வெளியே என்று பதில் போட்டேன்.

பதினைந்து நிமிடம் கழித்து: "அம்மா சொல்கிறாள், வறுத்தது எல்லாம் பாதி கரிதானே."

அழகான வாக்கியம். பாக்கெட்டின் பின்புறம் போடலாம். இன்னொன்றும் கவனித்தேன். அங்கே கரி அடிக்கிறது, இங்கே காத்து அடிக்கிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே கடல், ஆனால் வினைச்சொல் ஒன்று. எப்போதாவது இதை எழுத வேண்டும்.

தலை இடிக்கிறது. நாளை.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

எதுவும் எழுத முடியவில்லை.


ஆகஸ்ட் 14, வியாழன்

மருத்துவமனை. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். கை சும்மா இருக்கிறது, எழுதச் சொன்னது நந்தா. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று, புதன். காலை ஒன்பதரைக்கு அக்கா வாச ரூமுக்குள் போனார். கதவு சாத்தியிருந்தது. தாளில் எழுதியிருப்பது போல. நான் முன்கூடத்தில் கடைசி மூட்டையை வறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவருடைய போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. வெடிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்ததால் மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது.

தூள் சாக்குகளின்மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. உதடு நல்ல சிவப்பு. "அக்கா" என்றேன். தோளைப் பிடித்துத் தூக்கினேன், என் முட்டி மடங்கியது. உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. அது வலியே இல்லை. இதமாக இருந்தது. அதை இங்கே எழுதியாக வேண்டும்.

"மோகன் அண்ணா" என்று கத்தினேன். ஓடி வந்தார். அக்காவைப் பார்த்தார். "ஐயோ" என்றார்.

என்றபடியே பின்னால் கையை நீட்டிக் கதவைச் சாத்தினார்.

பழக்கம். நானும் அதைத்தான் செய்திருப்பேன், ஐந்து நிமிடம் முன்னால் செய்தும் இருந்தேன். ரப்பர் பட்டை தரையை உரசி அடங்கிய சத்தம். வெளியே வீசிக்கொண்டிருந்த ஆடிக் காற்று சட்டென்று இல்லாமல் போயிற்று. அந்த நிசப்தத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. ததெலெச் திரையை நோக்கி நீட்டிய விரல்.

"காத்துண்ணா!" என்றேன். "காத்து! காத்து!"

"பேய்க் கதைக்கு இதா நேரம்? கால் பக்கம் புடி!"

வேறு வார்த்தை வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை உண்டு, மூன்றெழுத்து, கேஸ், எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அப்போது வரவில்லை. தவழ்ந்து போய்க் கதவை இழுத்தேன். திறந்த இடைவெளியில் என் உடம்பையே வைத்துப் படுத்துக்கொண்டேன். "வெளிய இழுங்க. மொதல்ல வெளிய."

அவருக்கும் அதற்குள் கால் தடுமாற ஆரம்பித்திருந்தது. என்னைத் தாண்டி, என் காலை மிதித்து, அக்காவை இழுத்துப் போனார். முன்கூடத்தில் இயந்திரம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ததெலெச்சின் பன்னிரண்டு கிலோ கரியாகிக்கொண்டிருந்தது. வாசம் வந்தது. அதை என்னால் முகர முடிந்தது.


ஆகஸ்ட் 14, மாலை

அக்காவின் ரத்தத்தில் முப்பத்தொரு சதவீதம். என்னுடையதில் பத்தொன்பது. இரண்டுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். கார்பன் மோனாக்சைடு. வறுத்த கொட்டையிலிருந்து மெல்ல, அரைத்த தூளிலிருந்து வேகமாக வெளியேறும். நிறமில்லை. வாசமில்லை. விரலில் மாட்டும் கிளிப்புக்கு அதையும் ஆக்சிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தொண்ணூற்றொன்பது காட்டும்.

அக்கா கண் விழித்துவிட்டார். என்னைத் தெரிகிறது. கணவரின் பெயரைக் கேட்டதற்கு, "அத நான் எதுக்குச் சொல்லோணும்," என்றாராம். நர்ஸ்கள் சிரித்தார்கள். நினைவு நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

நேற்று அவசரப் பிரிவில் மருத்துவர் என்னிடம் கேட்டார், "கர்ப்பமா?" மோகன் அண்ணா பக்கத்தில் நின்றிருந்தார், கையில் எங்கள் இருவரின் செருப்பும்.

"பதினோரு வாரம்."

மருத்துவர் பேனாவை நிறுத்தினார். "அப்ப மாஸ்க்க எடுக்காதீங்க. உங்க ரத்தம் சுத்தமாக ஒரு மணி நேரம்னா, உள்ள இருக்கறதுக்கு அஞ்சு மணி நேரம் வேணும். அது சுலபத்துல விடாது."

அவர் போன பிறகு மோகன் அண்ணா செருப்புகளைக் கட்டிலுக்கு அடியில் ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு, திட்டாமல், கெஞ்சும் குரலில்:

"சொல்லியிருந்தா உன்ன அந்த ரூம்ல விட்டிருக்கவே மாட்டனே மா."

உண்மை. கவுன்டரில் உட்கார்ந்திருப்பேன். சன்னல் ஓரம், சாலையைப் பார்த்துக்கொண்டு. அநியாயம் என்று நான் நினைத்தது, இன்னமும் நினைப்பது, என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிரே அக்கா தூங்குகிறார். அவருக்கு எந்தக் கவுன்டரும் யாரும் தரவில்லை.


ஆகஸ்ட் 16, சனி

வீடு. ஹிருத்துக்கு எழுதினேன். நீளமாக எழுதி, அழித்து, நான்கு வரி.

பதில் குரல்பதிவாக வந்தது. முதலில் ததெலெச்சின் குரல், பிறகு மகளின் குரல். "அம்மா ஒன்றுதான் கேட்கிறாள். எங்கள் காபியின் வாசம் போகக் கூடாது என்றா அந்த அறையை மூடினீர்கள்?"

ஆமாம் என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறி. அதற்குமேல் வரவில்லை.


ஆகஸ்ட் 18, திங்கள்

பன்னிரண்டு வாரம். ஸ்கேன்.

"துடிப்பு இருக்கு," என்றார் மருத்துவர். நந்தா என் கையை நசுக்கினான். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் முடியவில்லை என்று தெரிந்தது.

"அவ்வளவுதான் இன்னிக்குச் சொல்ல முடியும். இருபதாவது வாரம் மூளையப் பாக்கலாம். அதுல தெரியறது கொஞ்சம். பொறந்த பிறகு தெரியறது கொஞ்சம். சிலது, அது நடக்கறப்ப, பேசறப்பதான்."

"ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்ல டாக்டர்?" என்றான் நந்தா.

"இருக்கலாம்."

வெளியே வந்து அவன் தன் அம்மாவுக்கு போன் செய்தான். நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்கு என்று நான்கு முறை சொன்னான்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

அக்கா போன் செய்தார். ஐந்து நிமிடத்தில் கை சோர்கிறதாம். "மேகலா, அது நெசமாலுமே காத்துதானாமா. டாக்டரே சொல்லிப்போட்டாரு. நான் சொன்னப்ப நீ சிரிச்ச."

"சிரிச்சேங்க்கா."

"மாசமா இருக்கறத எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லொ, சாமி. வாந்தி எடுக்கறப்ப மாத்தி மாத்தித் தலையப் புடிச்சிருக்கலாம்."

மோகன் அண்ணா சன்னல்களைப் பெயர்த்துவிட்டாராம். கதவையே கழற்றிவிட்டாராம். ஓண ஆர்டர் ரத்து. குஜி பாக்கெட்டின் மாதிரியை எனக்கு அனுப்பியிருந்தார். இரண்டு பெயரும் அருகருகே. எழுத்துப்பிழை இல்லை. பதில் போடவில்லை.


ஆகஸ்ட் 20, புதன்

நந்தா விடுமுறை முடிந்து கிளம்புகிறான். வெயில் வந்துவிட்டது. எல்லாச் சன்னலும் திறந்திருக்கிறது. நேற்றிலிருந்து திறந்தேதான். மேல் வீட்டில் கடுகு தாளிக்கிறார்கள். மூன்று வீடு தள்ளி யாரோ துணிக்கு நீலம் போட்டிருக்கிறார்கள். கிணற்றடிப் பாசி. அவன் சட்டையின் இஸ்திரிச் சூடு. எல்லாம் ஒன்றுவிடாமல் வருகிறது.

வரவேண்டியவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அவற்றுக்குப் பின்னால் முகர்ந்தேன். சமையலறை. படுக்கையறை மூலை. அலமாரிக்கு அடியில் குனிந்து.

ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "என்ன மோந்து பாத்துட்டே இருக்க? ஏதாவது வாசம் வருதா?"

"இல்ல," என்றேன். "ஒண்ணுமே வரல."

"அப்பாடா," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டான்.